செவ்வாயும் வெள்ளியும் குறைந்த தைலம்

தைலம் காய்ச்சும் கொட்டகையில் இப்போது ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அண்டாவின் சூட்டையும் தொட்டித் தண்ணீரின் சூட்டையும் அது பார்த்துப் பார்த்து மும்தாஜின் கைபேசிக்கு அனுப்புகிறது. மும்தாஜ் என் பழைய முதலாளி காதர் பாயின் மகள். ஊட்டிக் கடையில் உட்கார்ந்தபடியே கொட்டகையில் தண்ணீர் சுடுகிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

போன மாதம் தேன் எடுக்கிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள், வர்க்கி சுடுகிறவர்கள் என்று பத்துப் பேரைக் கூட்டிவந்து பெட்டியைக் காட்டினாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். "இது வர்றதுக்கு முன்னாடியே எங்க கொட்டாயில எல்லாம் எழுதி வச்சாங்க. எழுதுனவர் இவருதான்" என்று என்னை முன்னால் தள்ளினாள். தேன்காரப் பெண் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, எழுதி வச்சா மட்டும் தொழில் திருந்திருமுங்களா?"

"திருந்துமுங்க. அதுக்கு முன்னால நான் எழுதுனதுல ஒருத்தரு குடியிருந்த ஊடே கையவிட்டுப் போகப் பாத்துச்சுங்க" என்றேன். அதை விளக்குவதற்குள் அவர்களுடைய வேன் வந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தரும்படி மும்தாஜ் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பவானிப் பக்கம் செங்கல் சூளை, மேட்டுப்பாளையத்தில் மூட்டை, மலையேறி வந்து உருளைக்கிழங்கு தோண்டல், மசினகுடியில் ஜீப் கழுவல் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, போக வேண்டும் என்று தோன்றும், போய்விடுவேன். ஒரு பனிக்காலம் முழுக்கச் சாக்குக்குள் படுத்ததில் இடது கால் சுண்டுவிரல் நகம் போயிற்று. அது திரும்ப முளைக்கவில்லை.

எழுதும் பழக்கம் தேவர்சோலைப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் ஒட்டிக்கொண்டது. இலை வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும், ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மணிக்கொருதரம் இரண்டையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சில மணி நேரத்துக்கு நான் எழுதாமல் தூங்கிவிட்டு, பிறகு உத்தேசமாக நிரப்பிவைத்தேன். டீ மேக்கர் நோட்டைப் புரட்டினார். "தோணுனது ஒண்ணும் எழுதண்டா. கண்டது எழுதியா மதி" என்று தன் மலையாளத் தமிழில் சொன்னார். நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது. அவ்வளவுதான் என் படிப்பு. ஒன்றரை வருடத்தில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன்.

காதர் பாயின் கொட்டகைக்கு நான் வந்துசேர்ந்த விதம் சரியாக நினைவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் நடந்துகொண்டிருந்தேன். பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை. தைல மரங்களுக்கு அடி இருந்தது, நுனி இல்லை. ஒரு வாசனை வந்தது, அதன் பின்னால் போனேன். தகரக் கூரை, ஓடை, புகை, அடுப்பின் முன்னால் குந்தியிருந்த ஒரு பெண். "வழி தப்பிட்டீங்களா, வேல தேடி வந்தீங்களா?" என்றார் அவர். இரண்டும் என்றேன். பதினோரு வருடம் அங்கே இருந்தேன்.

அவர் பெயர் செல்லம்மா. சிலோன் தோட்டத்தில் பிறந்து, புருஷனோடு கப்பலேறி வந்தவர். புருஷன் மண்டபம் முகாமிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டகையை ஒட்டி ஒரு தகர அறை இருந்தது. காம்பரா என்பார் அவர். அடுப்பு வேலையோடு சேர்த்து பாய் கொடுத்தது. கப்பலை விட்டு இறங்கிய பிறகு தனக்குக் கிடைத்த, தாழ்ப்பாள் போடக்கூடிய முதல் கதவு அதுதான் என்று சொல்லுவார். என் பெயர் துரைசாமி என்றதும் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு ஓடைக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். "எங்க தொரைமாரெல்லாம் குதிரையில வருவாங்க. இவரு சாக்குல வந்திருக்காரு!"

தைலம் காய்ச்சுவது இப்படி. ஆள் உயரச் செம்பு அண்டா. அடியில் தண்ணீர், அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் இலை. இலையைக் கொட்டினால் போதாது, உள்ளே இறங்கி வட்டமாக நடந்து மிதிக்க வேண்டும். ஓரத்தில் இளக்கமாக விட்டால் ஆவி அந்த வழியே ஏறிப் போய்விடும், நடு இலை வேகாது. மூடியைப் போட்டு, மண்ணும் சாம்பலும் குழைத்து விளிம்பைப் பூச வேண்டும். பிறகு தீ. ஆவி மூடியிலிருந்து ஒரு குழாய் வழியே இறங்கும். அந்தக் குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு சுருண்டு போகும். ஓடையிலிருந்து தகரக் கால்வாயில் வரும் குளிர்ந்த தண்ணீர் தொட்டியை எப்போதும் நிறைத்து வழிந்துகொண்டிருக்கும். குழாய் குளிர்ந்தால் உள்ளே ஆவி தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். தைலம் மேலே மிதக்கும், வழித்துப் பாட்டிலில் ஊற்ற வேண்டும்.

முதல் சொட்டு விழுவதற்குச் சற்று முன் குழாய் ஒரு மாதிரி முனகும். இலைமேல் மழை தூறுகிற மாதிரி இருக்கும். காலை வெயில் மரங்களுக்கு நடுவே பட்டைபட்டையாக இறங்கி, புகையும் பனியும் அதில் சேர்ந்து சுற்றும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் எங்கிருந்து வந்தோம், எங்கே போக நினைத்தோம் என்பதெல்லாம் கரைந்துபோகும். என்னைப் போன்ற ஒருவன் ஓரிடத்தில் தங்கியதற்கு அந்த நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

காதர் பாய் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிப் பஸ்ஸில் வருவார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, மெரூன் கம்பளிக் குல்லா. பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டு வளைவில் நின்று, கண்ணை மூடி மூச்சை இழுப்பார். கீழே அண்டா எப்படிக் காய்கிறது என்று அந்த மூச்சில் முடிவு செய்துவிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். பிறகு இறங்கி வந்து, வேட்டியில் கரி படாமல் கொட்டகைக்கு வெளியிலேயே நின்று, ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து வெயிலில் பிடிப்பார். கறை இல்லாமல் தாள் வெளுத்தால் சுத்தத் தைலம். சாதாரண நாளில் எங்களை வாய்க்கு வந்தபடி கேலி செய்வார். கோபம் வந்தால்தான் மரியாதை ஏறும். சார் என்று அவர் கூப்பிட்டால் பெட்டியைக் கட்டத் தயாராக வேண்டும்.

எங்கள் கொட்டகையில் ஒரு தினசரிக் காலண்டர் இருந்தது. கிழிக்கிற தாளின் பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். எந்தச் சரிவின் இலை, எத்தனை எடை, ஈரமா காய்ந்ததா, தீ வைத்த நேரம், முதல் சொட்டு, தீ அணைத்த நேரம், எத்தனை பாட்டில், அடுப்பில் யார். எழுதிய சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பேன். யாரும் கேட்கவில்லை. பழைய பழக்கம்.

ஒரு மழைக்காலம் முடிந்து கேரட் எடுப்பு தொடங்கிய சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை பாய் பாட்டில்களை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். நல்ல நாளில் ஒன்பது வரும். அன்று ஐந்தரை. அடுத்த செவ்வாய் ஆறு. அவர் கம்பியைக் கழற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். முடித்த பிறகும் கிளம்பாமல் சாயந்தரம் வரை எனக்காகக் காத்திருந்தார். நான் ஊட்டியிலிருந்து திரும்பியதும் கூப்பிட்டார்.

வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நிரம்பிய தைல டின்களை நான் ஊட்டிக் கடைக்குக் கொண்டுபோவேன். அந்த நாட்களில்தான் எங்கள் ரோட்டில் கேரட் லாரி வரும். காலை ஏழு மணிக்கே டின்களை மேலே தூக்கிப் போய் இடம் பிடித்து, மூட்டைகளின்மேல் உட்கார்ந்து போய், மாலை பஸ்ஸில் திரும்புவேன். அந்த இரண்டு நாளும் அடுப்பு செல்லம்மாவுடையது. சீட்டை மட்டும் திரும்பி வந்து அவரைக் கேட்டு நான் எழுதுவேன். மற்ற நாள் என்னுடையது.

"பாரு ரங்கா" என்றார் பாய். கோபமில்லாதபோது எல்லோரையும் அவர் ரங்கா என்பார். "உன்ற நாளெல்லாம் எட்டே முக்கா, ஒம்பது. அவங்க நாளெல்லாம் அஞ்சு, ஆறு. நீயே எழுதி வச்சிருக்கறே."

"எல இல்லாம இருந்திருக்குமுங்க, பாய்."

"எல எட எழுதியிருக்குதே, ஒரே எடதான். அதுவுமில்லாம நான் ரோட்டு வளவுல நின்னு மோந்தேன். இத்தன வருசத்துல அப்படி ஒரு வாசன அடிச்சதில்ல. தைலம் எறங்கியிருக்குது. பாட்டிலுக்குத்தான் வரல. எங்க போச்சு?"

ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. என் நாள்களுக்கு ஒன்பது.

பாய் அடுப்பைப் பார்த்துத் திரும்பினார். "மேடம்" என்றார். செல்லம்மாவின் கை அப்படியே நின்றது. "அடுத்த செவ்வா வரைக்கும் இருந்துக்குங்க, மேடம். அப்புறம் ரூமை ஒழிச்சுக் குடுத்துருங்க."

அவர் போன பிறகு செல்லம்மா அழவில்லை. சாம்பலை வாரிக் குவித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தக் கம்பியில என் பேரு எத்தன தடவ இருக்கு?"

எண்ணிச் சொன்னேன்.

"தொட்டித் தண்ணி கொதிக்குது, தீயக் குறைக்கட்டான்னு உங்கக்கிட்ட ரெண்டு தடவ சொன்னேனே. அது எத்தன தடவ இருக்கு?"

சொன்னார்தான். வேலையைத் தட்டிக்கழிக்க ஒரு சாக்கு என்று நினைத்தேன். முதல் சொட்டு விழுந்த பிறகு தீயைக் குறைக்கக் கூடாது என்பது பாயின் கட்டளை, அதையே திருப்பிச் சொல்லி அனுப்பிவிட்டேன். தண்ணீருக்கு என் சீட்டில் இடமே இல்லை.

"இல்லீங்க்கா."

"அப்போ என்னத்த எழுதுனீங்க, தொரை?"

காம்பராவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நான் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் வழக்கம் அது. மூட்டை கட்ட என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க டீ மேக்கரின் வாக்கு உறுத்திக்கொண்டிருந்தது. என் நாள்களில் கண்டதை எழுதினேன், சரி. செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த வெள்ளியும் ஐந்தே முக்கால் பாட்டில் வந்தது.

திங்கட்கிழமை சாயந்தரம் அவரிடம் சொன்னேன், "அக்கா, நாளைக்கி நீங்க டின்ன எடுத்துக்கிட்டு ஊட்டிக்குப் போங்க. அடுப்ப நான் பாக்கறேன்."

"கடசி நாளு ஊரு சுத்திப் பாக்க அனுப்புறீங்களா?"

"போயிட்டு வாங்களேன்."

"கேரட்டு மேல குந்திக்கிட்டா?"

"ஆமாங்க்கா. சாக்க மடிச்சுப் போட்டுக்குங்க. மூட்டையில தண்ணி சொட்டும். நான் ஒருக்காக்கூட நனையாம போனதில்ல."

சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாம் சீட்டில் உள்ளபடி செய்தேன். அதே சரிவின் இலை, அதே எடை, அதே மிதி. ஆறரைக்குத் தீ. செல்லம்மா இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு டின்களோடு மேலே ஏறிப் போனார். எட்டு மணிக்குக் குழாய் முனகிற்று. முதல் சொட்டு. எட்டேகாலுக்குத் தகரக் கால்வாயின் சத்தம் மாறியது. நிறைந்து ஓடியது, பிறகு நூலாகியது. பிறகு நூலும் விட்டுவிட்டு வந்தது. எட்டரைக்குத் தொட்டியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். வைக்க முடியவில்லை. குழாயின் வாயில் சொட்டுக்குப் பதிலாக வெள்ளையாக ஆவி வந்தது. அது கொட்டகையை நிறைத்து, கூரை இடுக்குகள் வழியே வெளியேறி, பனியோடு கலந்து சரிவில் மெல்ல ஏறியது. எது பனி, எது தைலம் என்று தெரியவில்லை. மலை முழுவதும் மணந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குள்தான் மூன்றரைப் பாட்டில் இருந்தது.

ஒன்பது மணிக்குப் பாய் வந்தார். "மாஷா அல்லாஹ், என்ன வாசன!" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவர் அடுப்பில் என்னைக் கண்டு நின்றார். "அவங்க எங்கே?"

"ஊட்டிக்குங்க. பாய், ஒரு அரமணி நேரம் தீயப் பாத்துக்குங்க. தொட்டியத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்க."

"யாரு, நானா?"

அவர் பதிலுக்குக் காத்திராமல் ஓடையோரமாக ஏறினேன். கேரட் மூட்டையில் சொட்டிய தண்ணீர் யாருடையது என்று அப்போதுதான் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. எத்தனை வாரம் அதன்மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

கால் மணி நேர ஏற்றத்தில் இருந்தார்கள். மண் மூட்டைகளை அடுக்கி ஓடையை மறித்து, குளம் மாதிரி தேக்கி, அதில் கேரட்டைக் கொட்டி ஆறேழு பெண்கள் மிதித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூட்டுவரை சிவந்த கால்கள். பனிக்குள் அந்தக் கேரட் குவியல் நெருப்பு மாதிரி இருந்தது. முதல் லாரிக்கு முந்தின நாள் சாயந்தரமே கழுவிவிடுவார்களாம். இரண்டாம் லாரிக்குக் காலையில் எட்டு மணிக்குத் தண்ணீர் கட்டினால், பதினொன்று வரை. செவ்வாயும் வெள்ளியும்.

கேரட் தோட்டக்காரர் போஜன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தைலக்காரரே! உங்க புண்ணியத்துல இங்க ஒருத்தருக்கும் சளி புடிக்கிறதில்லீங்க."

ஒரு பெண் நிமிர்ந்தாள். "செவ்வாயும் வெள்ளியும் நல்லா தூக்கலா மணக்குதுங்க. மத்த நாளு என்ன, சும்மா தண்ணியக் காய்ச்சறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நன்றாகக் காய்ந்த நாளில் மலை மணக்கக் கூடாது. மணந்தால் அது பாட்டிலில் இல்லை என்று அர்த்தம். இது பாய்க்கும் தெரியவில்லை, பாயின் அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தீயை விட்டு நகர முடியாமல் அடுப்பின் முன்னால் இருந்தவர் மட்டும் தண்ணீர் சுடுகிறது என்றார்.

நான் இறங்கி வந்தபோது பாய் வேட்டியை மடித்துக் கட்டி, குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு, மேலெல்லாம் கரியோடு அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் சிவந்திருந்தன. மேலே கண்டதைச் சொன்னேன். அவர் குழாயின் வாயில் வெளியேறும் வெள்ளையைப் பார்த்தார்.

"வளவுல நின்னு நான் மோந்தது..." என்று தொடங்கி, முடிக்கவில்லை.

அன்று ஐந்தரை. சீட்டில் எழுதினேன்: அடுப்பில் துரைசாமி. பாட்டில் ஐந்தரை. பாய் வாங்கிப் படித்து, தானே கம்பியில் குத்தினார். வழக்கமாக ஒரு மணிக்குக் கிளம்புகிறவர் சாயந்தர பஸ் வரைக்கும் இருந்தார்.

செல்லம்மா நனைந்த புடவையோடு இறங்கி வந்தார். பாயைக் கண்டதும் சாவியை எடுக்க இடுப்பில் கை வைத்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் பாய். "ஏன் செல்லம்மா, தண்ணி சுடுதுன்னு என்ற கிட்ட சொல்லக் கூடாதா?"

மேடம் போய்விட்டது. அதைச் செல்லம்மாவும் கவனித்தார். ஆனால் விட்டுவிடவில்லை.

"சொன்னேங்க. உங்க தொரைகிட்ட சொன்னேன். அவரு கம்பியில ஏத்தல்ல. கம்பியில இல்லாதது உங்களுக்கு விளங்காது. இப்போ எனக்கு ஒண்ணு வேணும்."

"கேளு."

"அந்தச் சீட்டுல எனக்கும் ஒரு எடம் விடச் சொல்லுங்க. நான் சொல்றத அப்படியே எழுதணும். சரியோ தப்போ, வெட்டக் கூடாது."

அன்று முதல் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு வரி: செல்லம்மா சொன்னது. கேரட் எடுப்பு முடியும்வரை செவ்வாயும் வெள்ளியும் பதினொன்றுக்குப் போஜன் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே தீ வைக்கத் தொடங்கினோம். காலையில் இலையை எடைபோட்டுப் பரப்பினோம். அடுத்த வாரமே எட்டே முக்கால் வந்தது.

பிறகு வந்த வருடங்களில் நான் கண்டுபிடித்ததாகப் பாய் கடையில் சொல்லிக்கொண்டிருந்தவை அநேகமாக அந்தக் கடைசி வரியிலிருந்து வந்தவைதான். "நெழல்ல ரெண்டு நாள் கெடந்த எலை லேசா மிதிபடுது" என்று அவர் சொன்னதைப் பாட்டில் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்துத்தான் இலையை நிழலில் ஆற வைக்கும் வழக்கம் வந்தது. "இந்தச் சாம்பல் பூச்சு வெடிக்குது" என்ற நாட்களைக் கூட்டிப் பார்த்துப் பூச்சு மண்ணை மாற்றினோம். தப்பாகவும் நிறையச் சொல்லியிருக்கிறார். அமாவாசை இலையில் தைலம் ஏறும் என்றார். இரண்டு வருடச் சீட்டுகளைப் பார்த்தேன், ஏறவில்லை. சொன்னேன். "எழுதுனீங்கதானே, அது போதும்" என்றார்.

காதர் பாய் கடைசிவரை ரோட்டு வளைவில் நின்று மூச்சை இழுத்தார். ஒன்றும் மணக்காவிட்டால் சிரித்துக்கொண்டே இறங்கி வருவார். மணந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்.

செல்லம்மா அந்தக் காம்பராவிலேயே, தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், தூக்கத்தில் போனார். அந்த வருடம் நானும் கிளம்பிவிட்டேன். சீட்டுகளைச் சாக்கில் கட்டிப் பாயிடம் கொடுத்தேன்.

தேன்காரப் பெண்ணின் கேள்வியை நினைத்து நேற்று மும்தாஜ் அந்தச் சாக்கைப் பிரித்து எடுத்துவந்தாள். தாள்கள் மக்கவில்லை. தைலம் பட்ட காகிதத்தைப் பூச்சி தொடாது. செல்லம்மாவுடைய கடைசிச் சீட்டைத் தேடி எடுத்தோம். பின்பக்கம் என் கையெழுத்து. மேற்குச் சரிவு இலை. தண்ணீர் குளிர்ச்சி. ஒன்பது பாட்டில். கீழே:

செல்லம்மா சொன்னது: இன்னைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதையும் எழுதுங்க.